இடிபாட்டுக்குள் இரண்டு சோட்டு

அவளை நான் பார்த்தவுடனே வெறுத்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டதே நான்தான். வெறுப்பு வந்தது கொஞ்சம் கழித்து, என் சிநேகிதி அவளைப் பார்த்து, "ஏட்டி, அங்க என்ன செய்த? இங்கன வந்து உக்காரு" என்று சொன்னபோது. அந்தத் திருநெல்வேலி 'ஏட்டி'யை என் சிநேகிதியின் வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். ஏழெட்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் பேசும்போது செய்தி வாசிப்பது மாதிரி திருத்தமாகத்தான் பேசுவாள். அவளுடைய தமிழே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது எனக்காகத் துவைத்து இஸ்திரி போட்ட தமிழ் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இடம் செம்பூரில் ஒரு ஹவுசிங் சொசைட்டியின் முதல் மாடி ஹால். கீழே குழந்தைகளுக்கு டான்ஸ் கிளாஸ் நடக்கும். மேலே நாங்கள் போர் நடத்துவோம். சாப்பாட்டு மேஜையைவிடப் பெரிய பலகையில் தெர்மோகோல் வெட்டி ஒட்டி, சாயம் பூசி, இடிந்துபோன ஒரு நகரத்தைக் கட்டி வைத்திருப்போம். எப்போதோ வரப்போகிற காலத்தில், எங்கேயோ இருக்கிற ஒரு கிரகத்தில் அந்த நகரம். விரல் நீளச் சிப்பாய்கள், உள்ளங்கை அளவு டாங்கிகள். இன்ச் டேப் வைத்து அளந்து நகர்த்த வேண்டும், பகடை உருட்டிச் சுட வேண்டும். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வாரம் முழுக்கக் கிளெய்ம் பைல்களைப் பார்க்கிற எனக்கு வேறு என்ன பைத்தியம் பிடித்திருக்க முடியும்? என் கணவர் அவருடைய தங்கையிடம் போனில், "உங்க மன்னி நாப்பது வயசுல பொம்மைக்குப் பெயின்ட் அடிச்சுண்டு உக்காந்திருக்கா" என்று சிரித்துச் சொல்வது மாட்டுங்காவில் எங்கள் கட்டடம் முழுக்கக் கேட்கும்.

இந்த ஆட்டத்தில் சோட்டு என்று ஒன்று உண்டு. அது எங்கள் கிளப் வைத்த பேர். விதிப்புத்தகத்தில் அதற்கு வாயில் நுழையாத பேர் ஒன்று இருக்கிறது. இரண்டு கால், ஒரு துப்பாக்கி, உள்ளே ஒரே ஒரு ஆள் குறுகி உட்கார இடம், அவ்வளவுதான். படையில் இருக்கிற இயந்திரங்களிலேயே சின்னது. டீக்கடையில் டம்ளர் கழுவுகிற பையன் யாராக இருந்தாலும் சோட்டு, அதாவது பொடியன், என்று கூப்பிடுகிற ஊர் இது. யாரும் யோசிக்காமலேயே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

புதிதாக வருகிறவர்களுக்குப் பெரிய இயந்திரங்கள் மீதுதான் கண். சிவப்பு விளக்கும் நாலு பீரங்கியும் இருந்தால் உடனே ஒரு செல்ஃபி. ஆனால் ஆட்டத்தை முடித்து வைப்பது சோட்டுதான். சின்னச் சந்தில் நுழைவது, பாலத்தில் ஏறுவது, மாடிப்படியில் நிற்பது எல்லாம் அதனால்தான் முடியும். ஒவ்வொரு படையும் தன் சோட்டுவை ஒவ்வொரு விதமாக நடத்துகிறது. எந்தப் படையை எடுத்துக்கொள்கிறார் என்பதை வைத்து ஓர் ஆளைப் பற்றிப் பாதி தெரிந்துகொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

என் படை பேரரசு. கொடி, சீருடை, வரிசை எல்லாம் உண்டு. பேரரசின் சோட்டுகள் முன்னால் போய்ச் சாவதற்கென்றே இருப்பவை. ஒளிந்திருக்கிற எதிரி என் சோட்டுவைச் சுட்டால் அவன் இருக்கிற இடம் வெளியே வந்துவிடும். உடனே, என் முறை வரும்வரை காத்திருக்காமல், பின்னால் நிற்கிற என் பீரங்கிகள் அவனைத் திருப்பிச் சுடலாம். அதனால் சோட்டுவைத் தூண்டில் புழு மாதிரி முன்னால் விடுவேன். அது செத்தால் எனக்கு லாபம். இதில் எனக்கு ஒரு மனக்கஷ்டமும் இருந்ததில்லை.

என் சிநேகிதியின் படை சுரங்கத்தார். பேரரசை எதிர்த்துக் கிளம்பிய சுரங்கத் தொழிலாளிகள். அவர்களுடைய சோட்டு உண்மையில் பாறை குடைகிற இயந்திரம். இடிபாட்டுக்குள் புதைந்து கிடக்கும். புதைந்திருக்கிறவரை எந்தக் குண்டும் அதை ஒன்றும் செய்யாது. ஒவ்வொரு சுற்றிலும் அதன் பக்கத்தில் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். சீட்டில் மூடிய கண் படம் இருந்தால் இந்தச் சுற்றில் பதுங்கியே கிடக்கும். திறந்த கண் இருந்தால், பக்கத்தில் வருகிறவன் மீது பாயும். எல்லோரும் நகர்த்தி, சுட்டு முடித்த பிறகுதான் சீட்டைத் திருப்புவார்கள். அதுவரை எதிரி திண்டாட வேண்டியதுதான். சுரங்கத்தார் தங்கள் சோட்டுவை அவ்வளவு சுலபத்தில் சாகவிட மாட்டார்கள். என் சிநேகிதியும் அப்படித்தான். சயானில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. ஊசி குத்துவதற்கு முன்னால் ஆள் பயப்படுகிறாரா என்று பார்த்துவிட்டு, இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் குத்துவாளாம்.

மற்ற படைகளும் உண்டு. கூலிப்படைக்காரர்களின் சோட்டுகள் பாதிக்கு மேல் செத்துவிட்டால் மீதி திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடும். துறவிகளின் சோட்டுவில் ஆளே கிடையாது. செத்துப்போன வீரர்களின் பேர் எழுதிய காலி இயந்திரங்கள் பெரிய இயந்திரத்தைச் சுற்றி வேலி மாதிரி நின்று குண்டு வாங்கும். அதை ஆடுகிறவர் ஒரு குஜராத்தி பல் டாக்டர். ஒரு சோட்டு வரிசையிலிருந்து அரை இன்ச் விலகினாலும் சரிசெய்யாமல் அவரால் பகடையைத் தொட முடியாது.

இவற்றில் பேரரசும் சுரங்கத்தாரும் கதைப்படி ஜென்மப் பகைவர்கள். ஜோடி ஆட்டத்தில் அதை யாரும் பார்ப்பதில்லை. என் சோட்டு முன்னால் போய் எதிரியை இழுத்துக்கொண்டு வரும். அவளுடைய சோட்டு இடிபாட்டிலிருந்து எழுந்து அவனைப் பிடிக்கும். எங்கள் ஹாலில் எங்களை ஜெயித்த ஜோடி அபூர்வம்.

அதற்குத் தமிழும் ஒரு காரணம். ஜோடி ஆட்டத்தில் காதோடு காது பேசக்கூடாது, மொபைலில் மெசேஜ் அனுப்பக்கூடாது. கூட்டாளியிடம் எதைச் சொன்னாலும் மேஜை முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டும். எந்த மொழியில் சொல்ல வேண்டும் என்று விதி இல்லை. ஹிந்தி எல்லோருக்கும் தெரியும். மராத்தியும் தெரியும். குஜராத்தி பாதிப் பேருக்கு அரைகுறையாகத் தெரியும். செம்பூரில் தடுக்கி விழுந்தால் தமிழன், ஆனால் எங்கள் ஹாலில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அங்கே வருகிற பெண்களும் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் சீட்டைக் கவிழ்த்து வைப்பாள், தலையை நிமிர்த்துவாள், என் முகத்தைப் பார்த்து, "ரெண்டுல ஒண்ணு பாயும், ஒண்ணு பதுங்கும்" என்பாள். எதிரே இருக்கிறவர்கள் "அரே யார், மதராஸி மத் போலோ" என்று, தமிழில் பேசாதீர்கள் என்று, கெஞ்சுவார்கள். அந்த நேரத்தில் என் உச்சி குளிர்ந்துபோகும். வீட்டிலும் சரி, ஆபீசிலும் சரி, யாரும் என்னிடம் அப்படி ஒரு ரகசியத்தை எல்லோர் முன்னாலும் தைரியமாகச் சொன்னதில்லை.

பூனாவில் வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய ஜோடி ஆட்டம் நடக்கும். கிளப்புக்கு ஒரு ஜோடிதான் போகலாம். எப்போதும் நாங்கள்தான் போவோம். அங்கே போய் ஜெயித்ததெல்லாம் கிடையாது. போகிற ரயில்தான் முக்கியம். கர்ஜத்தில் வண்டி நிற்கும்போது வடா பாவ் வாங்கிக்கொண்டு, மலை ஏறும்போது ஜன்னலுக்கு வெளியே அருவி தெரிகிறதா என்று இரண்டு பேரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். அந்த ஒரு நாளுக்காகவே நான் வருஷம் முழுக்கச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

இந்த நிலையில்தான் அந்தப் புதியவள் வந்து சேர்ந்தாள். தாராவியில் ஒரு கல்யாண வீட்டில் என் சிநேகிதி அவளைப் பிடித்திருக்கிறாள். இரண்டு குடும்பமும் திருநெல்வேலிப் பக்கம், இரண்டு பேரும் பிறந்தது தாராவியில். என் சிநேகிதி கல்யாணத்துக்குப் பிறகு செம்பூருக்கு வந்துவிட்டாள், புதியவள் இன்னும் தாராவியிலேயே இருக்கிறாள். அப்பாவுக்குத் துணி தைக்கிற பட்டறை. இவள் அதே பட்டறையில் குர்த்தி தைத்து ஆன்லைனில் விற்கிறாள், நன்றாகவே விற்கிறாள். எங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். புது ஸ்கூட்டர். படை தேர்ந்தெடுக்கும்போது கபாடிக் கூட்டத்தைக் காட்டி, "தாராவிக்காரி கபாடி எடுக்காம வேற எத எடுப்பா?" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன், பல் மட்டும்.

கபாடி என்றால் ஹிந்தியில் காயலான் கடைக்காரன். கபாடிக் கூட்டம் என்பது பழைய இரும்பு பொறுக்குகிற படை. அவர்களுடைய சோட்டு போருக்குப் பாதிதான் வரும். மீதியை ஆட்டத்தின் நடுவில் செய்துகொள்வார்கள். களத்தில் எந்தப் படையின் சோட்டு செத்தாலும் சரி, இரண்டு பிணம் சேர்ந்தால் அவர்களுக்கு ஒரு புதுச் சோட்டு. ஒரு கால் பேரரசுக் கால், ஒரு கை சுரங்கத்தார் கை. மற்றவர்கள் விட்ட இடத்தில் வந்து பொறுக்கிக்கொள்கிற படை. அதன் குணத்துக்கும் அவள் குணத்துக்கும் நான் போட்ட முடிச்சை வெளியே சொல்லவில்லை. சொல்ல எனக்கு யாரும் இல்லை என்பதுதான் பிரச்சினையே. அதுவரை என் மனசில் இருப்பதை எல்லாம் கொட்டியது அந்தச் சிநேகிதியிடம்தான்.

பிறகு ஒவ்வொரு வாரமும் ஒன்று. என் சிநேகிதி அவளுக்குப் பிரஷ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். அவள் எதையாவது சொல்ல, என் சிநேகிதி வாயைப் பொத்திக்கொள்ளாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். என்னோடு இருக்கும்போது அவள் சிரிப்பில் சத்தம் வந்ததே இல்லை. குரூப்பில் யாரோ ஒரு போட்டோ போட்டார்கள். நடுவில் அவர்கள் இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம், ஓரத்தில் என் தோள் மட்டும். அந்தத் தோளை நான் குர்லாவில் வண்டி மாறுகிற வரை பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பொறாமை என்றால் வயிறு எரியும் என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. காது எரிந்தது. ஹாலில் எங்கே இருந்தாலும் அவர்கள் பேச்சு மட்டும் எனக்குக் கேட்டது. "என்னட்டி இப்படிச் சொல்லுத", "வாரேன் இரி", "அது அங்கனயே கெடக்கட்டும்" என்று. என் சிநேகிதியை எனக்குத் தெரியாத ஊரிலிருந்து யாரோ கூப்பிட்டுக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

பூனாவுக்கு யார் போவது என்று முடிவு செய்கிற ஆட்டத்துக்குச் சில வாரங்கள் முன்னால் சிநேகிதி போன் செய்தாள். சுற்றி வளைத்தாள். ஆபீசைப் பற்றிக் கேட்டாள், என் கணவரின் முதுகு வலியைப் பற்றிக் கேட்டாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"இந்த வருஷம் மட்டும் நான் அவகூட ஜோடி சேர்ந்துக்கட்டுமா?" என்றாள். "புதுசு. அவளுக்கு யாரும் இல்ல. நீ யார்கூட ஆடினாலும் ஜெயிச்சுடுவே."

"தாராளமா ஆடேன்டீ. எனக்கென்ன வந்துது?" என்றேன்.

"கோவம் இல்லையே?"

"கோவப்பட இதுல என்ன இருக்கு? பொம்மை ஆட்டம்தானே."

போனை வைத்துவிட்டு, அடுப்பில் ரசம் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் 'சரி, வேண்டாம், உன்கூடவே ஆடுகிறேன்' என்று இன்னொரு தடவை கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. நான் என் வாயால் தாராளமாக என்று சொல்லியிருக்கிறேன், அவள் எப்படிக் கூப்பிடுவாள்? ஆனால் பொறாமைக்கு நியாயம் எடுத்துச் சொன்னால் அது உட்கார்ந்து கேட்குமா?

நான் பல் டாக்டரைப் பிடித்தேன். அவருக்குப் பரம சந்தோஷம். எங்களுக்குள் பேச்சு ஹிந்தியில். எதைச் சொன்னாலும் எதிரிக்கும் கேட்கும், அதனால் பேசாமலே ஆடினோம். ஆனாலும் ஜெயித்துக்கொண்டு வந்தோம். அவருடைய வேலியும் என் பீரங்கிகளும் சேர்ந்தால் முரட்டுத்தனமான ஒரு சுவர். அந்தப் பக்கம் அவர்களும் ஜெயித்துக்கொண்டு வந்தார்கள். கடைசியில் நாங்களும் அவர்களும்தான் மிச்சம். எனக்கு அதில் ஒரு குரூரமான சந்தோஷம் இருந்தது. மற்ற ஜோடிகளுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியும். அவர்கள் எதைப் பேசினாலும் என் காதில் விழும். என்னை விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று அவள் தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்தேன்.

அன்றைக்கு மெகா பிளாக். ஹார்பர் லைனில் வண்டி இல்லை. பஸ்ஸுக்கு நின்று நின்று, வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தேன். அவர்கள் இரண்டு பேரும் முன்பே வந்து பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என் சிநேகிதி, "தண்ணி குடிக்கிறியா?" என்று பாட்டிலை நீட்டினாள். "வேண்டாம், இருக்கு" என்றேன். பாட்டில் கொண்டுவர மறந்திருந்தேன். ஆட்டம் முடிகிறவரை தொண்டை வறண்டே கிடந்தது.

மேஜைக்கு நடுவில் ஓர் ஆறு, அதன்மேல் ஒரு பாலம். ஆட்டம் முடியும்போது பாலத்தின்மேல் யாருடைய இயந்திரம் நிற்கிறதோ அவர்கள் ஜெயித்தார்கள். பாலம் குறுகல், சோட்டுவைத் தவிர எதுவும் ஏற முடியாது. முதல் சுற்றிலிருந்தே நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அவர்கள் பேசவே இல்லை. ஒரு வார்த்தை கிடையாது. என் சிநேகிதி சீட்டைக் கவிழ்ப்பாள், கையைக் கட்டிக்கொள்வாள். சின்னவள் தன் முறைக்கு நகர்த்துவாள். நான் சாகவிட்ட சோட்டுகளைப் பொறுக்கி அவள் புதுசு செய்துகொண்டாள். என் படையின் கால்களை மாட்டிக்கொண்டு அவை என்னையே சுட வந்தன.

அந்த மௌனம்தான் என்னைக் கொன்றது. நாங்கள் ஜெயிப்பதற்கு ஒரு மொழி தேவைப்பட்டது. இவர்களுக்கு அதுகூடத் தேவைப்படவில்லையா? சில மாதப் பழக்கத்தில் பார்வையிலேயே புரிந்துகொள்கிற அளவுக்குப் போய்விட்டார்களா? எனக்குப் பகடை கையில் ஒட்டிக்கொண்டது. டாக்டர் தன் சோட்டுகளை நேராக அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, அவர் பல்லைப் பிடுங்கலாம் போல ஆத்திரம் வந்தது.

கடைசிச் சுற்று. பாலம் காலியாக இருந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் என்னிடம் இரண்டு சோட்டும் ஒரு பீரங்கியும். டாக்டரின் வேலி பாலத்துக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. பாலத்தின் வாயில் இருந்த இடிபாட்டுக்குள் என் சிநேகிதியின் சோட்டுகள் இரண்டு புதைந்து கிடந்தன. அந்தக் கரையில் சின்னவளுடைய ஒட்டுப்போட்ட சோட்டு ஒன்று, ஒரு கால் நொண்டி. என் சோட்டுகள் பாலத்தில் ஏறிவிட்டால் ஆட்டம் முடிந்தது. ஆனால் இடிபாட்டில் இருப்பவை பாய்ந்தால் இரண்டும் அங்கேயே காலி. இல்லையென்றால் பாலத்தில் ஏறாமல், அவை வெளியே தலை காட்டினால் சுடுவதற்காகப் பீரங்கியையும் சோட்டுகளையும் இடிபாட்டைப் பார்த்து நிறுத்த வேண்டும். பாயுமா, பதுங்குமா? எல்லாம் அந்த இரண்டு சீட்டில் இருந்தது.

என் சிநேகிதி சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தாள். தலையை நிமிர்த்தினாள். என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: "ரெண்டும் பதுங்கித்தான் கெடக்கு. பாயாது."

ஆட்டம் முழுக்க வாய் திறக்காதவள் இப்போது ஏன் திறக்கிறாள்? எனக்குத் தமிழ் தெரியும் என்று தெரிந்தவள், எனக்குக் கேட்க வேண்டும் என்றுதானே சொல்கிறாள்? என் சோட்டுகளைப் பாலத்துக்கு இழுக்கிறாள். தூண்டில் போட்டே பழகிய பேரரசுக்காரி நான், புழுவைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா? எங்கள் தமிழை, நாங்கள் இரண்டு பேர் மட்டும் வைத்திருந்த தமிழை, அந்தச் சின்னவளுக்காக என் மீதே திருப்பிவிட்டாள் என்று நினைத்தேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கோபத்தில்தான்.

டாக்டர், "க்யா போலீ?" என்று கேட்டார்.

"ஜூட் போல் ரஹீ ஹை" என்றேன். பொய் சொல்கிறாள். மேஜை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

என் சிநேகிதியின் கை சீட்டுகளின் மேல் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. பக்கத்தில் அவளுடைய புதுக் கூட்டாளி உட்கார்ந்திருக்கிறாள், அவளால் என்ன சொல்ல முடியும்? நான் என் சோட்டுகளைப் பாலத்தில் ஏற்றவில்லை. எல்லாவற்றையும் இடிபாட்டைப் பார்த்து நிறுத்தினேன். அந்தக் கரையிலிருந்த நொண்டிச் சோட்டு மெதுவாக, இன்ச் இன்ச்சாக நகர்ந்து வந்து பாலத்தின் நடுவில் நின்றது.

சீட்டைத் திருப்பினாள். மூடிய கண். இன்னொன்றையும் திருப்பினாள். மூடிய கண்.

டாக்டர் சீட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வோ தோ ஸச் போல் ரஹீ தீ" என்றார், பாவம், ஆச்சரியத்தில்தான். அவள் உண்மையைத்தானே சொன்னாள் என்று. எல்லோரும் கை தட்டினார்கள். என் சிநேகிதி தன் சோட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து டப்பாவின் ஸ்பாஞ்சில் பதித்து வைத்தாள். நான் பக்கத்தில் போய், "எனக்கு என்னமோ..." என்று ஆரம்பித்தேன்.

"பரவாயில்ல" என்றாள் டப்பாவைப் பார்த்துக்கொண்டே. "எனக்கு வீட்ல வேல இருக்கு." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். ஸ்கூட்டர் வந்து நின்றது. "அக்கா, ஏறுங்க. மாட்டுங்கால விட்டுட்டுப் போறேன், எனக்கு வழிதான்." வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. ஏறி, அவளைத் தொடாமல் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

சயான் சிக்னலில் வண்டி நின்றபோது, தலையைத் திருப்பாமல் அவளே பேசினாள். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இன்னைக்கு நீங்கதான் எங்கள ஜெயிக்க வச்சீங்க."

சிக்னல் இன்னும் சிவப்பு. அவள் தொடர்ந்தாள்.

"அந்த அக்கா உங்களப் பாத்துதான் சொன்னாங்க. என்னையப் பாக்கவே இல்ல. சீட்ட வச்சாங்க, தலையத் தூக்குனாங்க, உங்க மூஞ்சிதான் முன்னால இருந்துச்சு. பழக்கத்துல அவுங்க பாட்டுக்குச் சொல்லிட்டாங்க. சொன்ன பெறவுதான் நீங்க அந்தப் பக்கம்னு அவுங்களுக்கே ஞாபகம் வந்துச்சு. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு, போச்சுடா பூனான்னு."

"நீங்க ரெண்டு பேரும் பேசாமலே ஆடினேளே" என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. "பேசாமலே எல்லாம் புரிஞ்சுண்டு..."

"எங்க புரிஞ்சுது, அக்கா?" என்று சிரித்தாள். அதில் சிரிப்பு இல்லை. "எத்தன தடவ அவுங்களத் திரும்பித் திரும்பிப் பாத்தேன்! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. சீட்டுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. உங்ககூட ஆடுறப்ப எப்படி ஆடுவாங்கன்னு எல்லாரும் சொல்லுதாங்க. எங்கூட அப்படி ஆடவே மாட்டேங்காங்க. உங்களப் பாத்தா எனக்கு எரிச்சலா வருது அக்கா, நெசமாத்தான் சொல்லுதேன்." சிக்னல் விழுந்தது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான்.

மாட்டுங்காவில் இறங்கினேன். நன்றி சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. மாடி ஏறி வந்து, கதவைத் திறந்த கணவரைத் தாண்டி நேராகப் பாத்ரூமுக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நான் எதற்காக இத்தனை நாள் பொறாமைப்பட்டேனோ அது முழுக்க என்னிடமே இருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் போன பிறகும் என் சிநேகிதி நிமிர்ந்து பார்த்தது என் முகத்தைத்தான். அதைத்தான் நான் பொய் என்றேன், அதுவும் நாலு பேருக்குப் புரிகிற மொழியில்.

சிநேகிதிக்குப் போன் செய்தேன். எடுத்தாள். மன்னிப்புக் கேட்டேன். "அட, ஆட்டம்தானே, விடு" என்றாள். அவள் விடவில்லை என்பது அந்த 'விடு'விலேயே தெரிந்தது. அவர்கள் பூனா போனார்கள். போட்டோ வந்தது. கர்ஜத், வடா பாவ், ஜன்னல், நனைந்த கம்பி. சின்னவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எல்லாம் தெரிந்த பிறகும், பாழாய்ப்போன பொறாமை போகவில்லை. அவர்கள் முதல் சுற்றிலேயே தோற்றார்கள் என்று கேட்டதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அடுத்த ஞாயிறு போனேன். சாதாரண ஆட்டம், ஒருவருக்கு ஒருவர். குலுக்கலில் எனக்கு எதிரே என் சிநேகிதி வந்தாள். சுற்றிலும் டாக்டர், சின்னவள், இன்னும் மூன்று நான்கு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் தன் சோட்டுகளை இடிபாட்டுக்குள் வைத்தாள். சீட்டுகளைக் கவிழ்த்தாள். தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தாள். நான் காத்திருந்தேன்.

"ஹோ கயா. ஆப் கீ பாரி ஹை" என்றாள்.

முடிந்தது, உங்கள் முறை. இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் ஹிந்தியில் பேசியது அதுதான் முதல் தடவை. 'நீ' என்கிற 'தூ' இல்லை, 'தும்' கூட இல்லை, அந்நியரிடம் சொல்கிற 'ஆப்'. அது மேஜையைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் புரிந்தது.